தடுப்பை அகற்றிய பின் ஓடை தொந்தரவு கொடுத்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஓடையின் குறுக்கே கட்டிய பழைய தடுப்பை, அதாவது சிறு அணையை, உடைத்து எடுப்பது சில நாள் வேலை. அதன் பிறகு ஓடை தன் படுகையைத் தானே ஒழுங்கு செய்துகொள்ள இரண்டு மூன்று மழைக்காலம் ஆகும். அந்த இடைக்காலத்தில் வரும் தொந்தரவுகள் ஓடைக்கு ஓடை பெரிதாக மாறுவதில்லை. தண்ணீர் தெளியாது, கரை சரியும், மீன் ஏறாது, நட்டது காயும். கீழே உள்ளவை சுமார் 2 மீட்டருக்குள் உயரமுள்ள தடுப்புக்கும் 10 மீட்டருக்குள் அகலமுள்ள ஓடைக்கும் பொருந்தும். அதைவிடப் பெரியது என்றால் பரிசோதனைகளை நீங்களே செய்யலாம். கை வைக்கும் வேலையை ஆற்றுப் பொறியாளரிடம் விடுங்கள். சிறிய ஓடையானாலும் படுகையில் கல்லைப் புரட்ட, மண் வெட்ட, கல் கொட்ட முன் அனுமதி தேவையா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் தொடக்கம் ஒன்றுதான்.

## எதையும் தொடும் முன்: மட்டம் எடுங்கள்

தொந்தரவு கண்ணில் படும் இடம் ஒன்றாகவும் அதன் காரணம் இருக்கும் இடம் வேறாகவும் இருக்கும். கரை சரிவது இங்கே என்றால் அதற்கு வழிவிட்ட படுகை இறக்கம் முப்பது மீட்டர் தள்ளி இருக்கும். மட்டம் எடுக்காமல் கல் கொட்டினால் கல் வீணாவதோடு அடுத்த வெள்ளத்தில் பிரச்சினை பத்து மீட்டர் நகர்ந்து நிற்கும்.

தேவைப்படுபவை: 15 மீட்டர் நீளத் தெளிவான டியூப் லெவல் குழாய் (தண்ணீர் நிரப்பி உயர வித்தியாசம் பார்க்கும் குழாய்), 3 மீட்டர் அளவுக்கோல், 50 மீட்டர் டேப், 2 மீட்டர் நீளமுள்ள 12 மி.மீ. இரும்புக் கம்பி, ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டில், பெயிண்ட். குழாயில் தண்ணீர் நிரப்பும்போது உள்ளே ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. ஒரே ஒரு குமிழி இருந்தாலும் அளவு பிசகும், பிசகியது தெரியவும் தெரியாது. நிரப்பியதும் இரு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டிலும் தண்ணீர் ஒரே கோட்டில் நிற்க வேண்டும்.

அசையாத பாறையிலோ உறுதியான கட்டடத்திலோ பெயிண்ட் குறி ஒன்று வையுங்கள். இனி எல்லா அளவும் அதிலிருந்துதான். ஓடையின் அகலத்தைப்போல் இருபது மடங்கு தூரம் தடுப்பு இருந்த இடத்துக்கு மேலும் கீழும் போக வேண்டும். 5 மீட்டர் அகல ஓடை என்றால் இரு பக்கமும் நூறு நூறு மீட்டர். 5 மீட்டருக்கு ஒருமுறையும், சரிவு மாறும் ஒவ்வொரு இடத்திலும், படுகையின் மிக ஆழமான புள்ளியில் அளவெடுங்கள். தண்ணீர் ஓடும் கோட்டின் அடிதான் வேண்டும், கரையோரத்து மேடு வேண்டாம்.

இதை வரைபடத் தாளில் குறித்தால் ஒரு கோடு கிடைக்கும். தடுப்புக்குக் கீழே விழுந்த தண்ணீர் தோண்டிய பள்ளத்தை விட்டுவிட்டு, அதற்கும் கீழே உள்ள இயல்பான படுகையையும் மேலே பழைய தேக்கம் முடியும் இடத்தையும் ஒரு ஸ்கேல் வைத்து இணையுங்கள். படுகை ஏறத்தாழ அந்தக் கோட்டில்தான் போய் நிற்கப் பார்க்கும். இப்போதைய படுகை கோட்டுக்கு மேலே இருந்தால் இன்னும் அரிப்பு பாக்கி. கோட்டை ஒட்டி இருந்தால் ஓடை அடங்கிவிட்டது. கோட்டுக்குக் கீழே போய்விட்டால் எங்கோ தவறு நடக்கிறது.

ஒவ்வொரு பெரிய வெள்ளத்துக்குப் பிறகும் இதே அளவை மறுபடி எடுங்கள். ஒரே இடத்தில் நின்று ஒரே கோணத்தில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். பின்னால் நிபுணரைக் கூப்பிட நேர்ந்தால் அவர் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான்.

## அறிகுறி: கீழ்ப்பக்கம் தண்ணீர் தெளியவே இல்லை

தடுப்பு போன முதல் சில வாரம் கலங்கல் இருக்கத்தான் செய்யும். ஒவ்வொரு மழைக்கும் திரும்பி வரும். மழை நின்று ஒரு வாரமாகியும் தெளியவில்லை என்றால்தான் தேட வேண்டும்.

முதலில்: கலங்கல் உங்களுடையதுதானா? பழைய தேக்கத்துக்கு மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில் தண்ணீர் எடுங்கள். இரண்டும் ஒரே நிறம் என்றால் மேலே எங்கோ வெட்டு வேலையோ வரப்பு உடைப்போ நடந்திருக்கிறது. உங்கள் இடத்தில் செய்ய ஒன்றுமில்லை.

கீழ் பாட்டில் மட்டும் கலங்கல் என்றால் குலுக்கி வைத்துவிட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் இறங்குவது மணல். சில மணி நேரத்தில் இறங்குவது வண்டல். மறுநாளும் பால்போல் நிற்பது களி. மணல் என்றால் படுகை நகர்கிறது, அடுத்த பிரிவுக்குப் போங்கள். வண்டலும் களியும் என்றால் எங்கோ வெறும் சேற்று மண் திறந்து கிடக்கிறது. காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

1. மாடு இறங்கும் தடமா, வேலையாட்கள் குறுக்கே நடக்கும் தடமா? இரண்டு கம்பு நட்டுக் கயிறு கட்டினால் தீர்ந்தது.

2. பக்கவாட்டில் வந்து சேரும் சிறு வாய்க்கால்கள். இதைப் பலரும் பார்ப்பதே இல்லை. தேக்கம் இருந்தபோது அவை தேக்கத்தின் நீர்மட்டத்தோடு சமமாக வந்து கலந்தன. இப்போது ஓடை ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டதால் அவை சேற்றுக் கரையின் விளிம்பிலிருந்து விழுந்து கரையைக் குடைகின்றன. மழை பெய்யும்போது கரையோரமாக நடந்தால் பழுப்புத் தண்ணீர் எங்கே பிறக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். வாய்க்காலின் கடைசி மூன்று நான்கு மீட்டரைச் சரிவாக வெட்டி, அடியில் சரளை, மேலே தலையளவுக் கல் அடுக்கி இறக்கிவிடுங்கள். நடு தாழ்ந்தும் ஓரம் உயர்ந்தும் இருக்க வேண்டும். தட்டையாக அடுக்கினால் தண்ணீர் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு புது வழி போடும்.

3. வெறும் சேற்றுத் தரை. களை விதை இல்லாத வைக்கோலைச் சதுர மீட்டருக்கு அரைக் கிலோ கணக்கில் பரப்பி, அடியில் விரைவாக முளைக்கும் உள்ளூர்ப் புல் விதை தூவுங்கள். சரிவு அதிகமுள்ள இடத்தில் தேங்காய் நார் விரிப்பு போட்டு முளை அடியுங்கள். விரிப்பின் மேல் விளிம்பை ஒரு சாண் ஆழக் குழியில் புதைத்து மூட வேண்டும். வெறுமனே தரையில் விரித்தால் தண்ணீர் அடியில் புகுந்து பாயைச் சுருட்டிவிடும்.

நிபுணர் எப்போது: ஓடையில் மேலும் ஒரு மழைக்காலம் போன பிறகும் களிக் கலங்கல் அடங்கவில்லை என்றால், அல்லது கீழே குடிநீர் எடுக்கும் இடம் இருந்தால். இரண்டாவதில் காத்திருக்கவே வேண்டாம்.

## அறிகுறி: மேல்ப்பக்கம் படுகை இறங்கிக்கொண்டே போகிறது

ஓடையின் குறுக்கே ஒரு சிறு படி தெரியும். முழங்கால் உயரம் இருக்கலாம், இடுப்பளவும் இருக்கலாம். தண்ணீர் அதிலிருந்து விழுந்து அடியைக் குடையும். மேலே உள்ள மண் முகப்பு துண்டு துண்டாக உடைந்து விழும். படி மேல்நோக்கி நகரும். இந்தப் படி நகர்வதால்தான் தேக்கத்து வண்டல் வெளியேறுகிறது. அது கெட்டதல்ல. அமெரிக்காவில் ஓரிகான் மாநிலத்தின் சாண்டி ஆற்றில் சுமார் 15 மீட்டர் உயர மார்மட் அணையை 2007இல் அகற்றியபோது, பின்னால் தேங்கியிருந்த ஏறக்குறைய 7.3 லட்சம் கன மீட்டர் மணலிலும் சரளையிலும் பாதியளவை ஆறே ஓராண்டுக்குள் இழுத்துக்கொண்டு போனது. யாரும் அள்ளவில்லை.

ஆகவே படி நகர்வது இயல்பு. எந்த மண்ணில் நகர்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பரிசோதனை 1: படி எங்கே நிற்கிறது? படியின் விளிம்புக்கு நேராக, கரையில் இரண்டு மீட்டர் தள்ளி ஒரு கம்பி நட்டுத் தேதி எழுதுங்கள். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் புதுக் கம்பி. கம்பிகளுக்கு இடையிலான தூரம் குறைந்துகொண்டே வந்தால் ஓடை அடங்குகிறது.

பரிசோதனை 2: எந்த மண்? படிக்கு மேலே படுகையில் இரும்புக் கம்பியைக் கையால் அழுத்துங்கள். தேக்கத்து வண்டலில் கம்பி வெண்ணெயில் போவதுபோல் இறங்கும். பழைய படுகையைத் தொட்டதும் கரகரவென்று சரளையில் உரசி நிற்கும். படியின் வெட்டு முகத்தைக் கத்தியால் சீவியும் பாருங்கள். மேலே வெளிர் நிறத்தில் மெல்லிய அடுக்கடுக்காக இருப்பது தேக்கத்தில் படிந்தது. அதற்குக் கீழே கருமையாக, மக்கிய இலையும் வேர் நாரும் கலந்து ஒரு பட்டை வரும். சில இடங்களில் பழைய மரக்கட்டையின் அடி நின்றபடியே இருக்கும். அந்தக் கருப்புப் பட்டைதான் தடுப்பு கட்டும் முன் இருந்த தரை. அதன் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓடை போய்ச் சேர வேண்டிய மட்டத்தை அதைவிடத் தெளிவாக எந்தக் கணக்கும் சொல்லாது.

இனி மூன்று கிளை.

படி இன்னும் வண்டலுக்குள் இருக்கிறது, மேலே கட்டடம் எதுவும் இல்லை: விட்டுவிடுங்கள். கல் போட்டு நிறுத்தினால் நீங்களே ஒரு புதுத் தடுப்பு கட்டியதாகும்.

வண்டலுக்குள்தான், ஆனால் எதிலோ சிக்கி நிற்கிறது: குறுக்கே கிடக்கும் பெரிய மரமோ, உடைக்காமல் விட்ட கான்கிரீட் துண்டோ, களிமண் கட்டியோ தாங்கிக்கொண்டிருக்கும். வறண்ட காலத்தில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ஒரே நாளில் எடுத்தால் தேங்கியதெல்லாம் ஒரே நாளில் கீழே போகும். மரத்தை முழுதாக வெளியே இழுத்துப் போட வேண்டாம். ஒரு முனையைக் கரையில் புதைத்து ஓட்டத்தோடு சாய்வாகத் திருப்பிவிட்டால் மீனுக்கு நிழலும் மடுவும் கிடைக்கும்.

படி தேக்கத்தின் வாலை (பழைய தேக்கம் முடியும் மேல் முனையை) தாண்டிப் பழைய படுகையை வெட்டுகிறது: இது தவறு. தடுப்பு இருந்த இடத்தில் தேவைக்கு அதிகமாகத் தோண்டியிருக்கலாம், அல்லது தடுப்புக்குக் கீழே படுகை ஏற்கெனவே தாழ்ந்து கிடந்திருக்கலாம். நெடுங்காலம் மணலும் சரளையும் மேலே தேங்கி நின்றதால் கீழ்ப்பக்கம் தண்ணீர் வெறும் வயிற்றோடு ஓடி அடியை அரித்திருக்கும். படி அரை மீட்டருக்குள் என்றால் கற்சரிவு ஒன்று போதும். 1:20 சரிவு அல்லது அதைவிடப் படுத்த சரிவு வேண்டும். அரை மீட்டர் இறங்க 10 மீட்டர் நீளம் என்று கணக்கு. பெரிய கல்லை முதலில் படுகைக்குள் பாதி புதையும்படி வைத்து, இடையில் நடுத்தரக் கல், பிறகு சரளை, கடைசியில் மணலும் மண்ணும் தண்ணீர் விட்டு இறக்குங்கள். கடைசியாக மணலும் மண்ணும் இறக்குவதைத் தவிர்த்தால் கோடையில் தண்ணீர் முழுவதும் கல்லுக்குள் இறங்கி மேலே வறண்டு கிடக்கும். கற்சரிவின் கீழ் முனையில்தான் பெரும்பாலானவை தோற்கின்றன. அங்கே மிகப் பெரிய கற்களை இரண்டு வரிசை படுகை மட்டத்துக்குக் கீழே புதையுங்கள்.

நிபுணர் எப்போது: படி அரை மீட்டருக்கு மேல் என்றால். படிக்கு மேலே பாலம், குழாய், மின்கம்பம், வீடு எதுவாவது இருந்தால் படி எவ்வளவு சிறியதானாலும். பாலத் தூணின் அடித்தளத்து மேல்முகம் புதிதாக வெளியே தெரிந்தாலோ, புதைந்திருந்த குழாய் அந்தரத்தில் தொங்கினாலோ அன்றைக்கே சொல்ல வேண்டும். அங்கே நீங்கள் கல் எதுவும் போட வேண்டாம். தவறான இடத்தில் விழும் கல் ஓட்டத்தைத் தூண் பக்கம் திருப்பிவிடும்.

## அறிகுறி: கரை சரிகிறது

நீர்மட்டம் வேகமாக இறங்கினால் கரை மண்ணுக்குள் தண்ணீர் நிற்கும், வெளியே தாங்கிப் பிடித்த தண்ணீர் இருக்காது. கரை வெளிப்பக்கம் சாய்ந்துவிடும். இது முதல் காரணம், தானாகவே ஓய்வதும் இதுதான். தேக்கத்தை இனிமேல்தான் இறக்கப் போகிறீர்கள் என்றால் மெதுவாக, பல நாளில் இறக்குங்கள்.

மற்றவை: கரை விளிம்பில் குவித்த மண்ணின் பாரம் அல்லது வண்டிப் போக்குவரத்து (பத்து மீட்டர் தள்ளிக் குவியுங்கள்), கரை முகத்தில் ஊறும் நீர் மணலை இழுத்துத் துளை போடுவது, கடைசியாகப் படுகை இறங்கியதால் கரை உயரம் கூடிவிடுவது. கடைசியானது என்றால் முந்தைய பிரிவைத் தீர்க்காமல் இங்கே செலவு செய்வது தண்ணீரில் போட்டதுதான்.

கரைக்கு மேலே விளிம்புக்கு இணையாக வெடிப்பு ஓடுகிறதா என்று பாருங்கள். வெடிப்பின் இரு பக்கமும் ஆணி அடித்து இடைவெளியை அளந்து எழுதுங்கள். நாளுக்கு நாள் கூடினால் அந்தத் துண்டு விழப்போகிறது. அதற்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது, மேலேயும் கூடாது.

சரிசெய்வதென்றால் காலிலிருந்து தொடங்குங்கள். கரையின் அடியில் வேரோடு கூடிய மரத்தையோ கல்லையோ பதித்து, அதன் மேல் கரையை 1:2 அல்லது 1:3 சரிவுக்குச் சீவி, போத்து (நட்டால் வேர்விடும் மரக்கிளைத் துண்டு) நட வேண்டும். அடியை விட்டுவிட்டு மேலே மட்டும் விரிப்பு போட்டால் முதல் வெள்ளத்தில் விரிப்பு கொடிபோல் தொங்கும். கரை இரண்டு மீட்டருக்கு மேல் செங்குத்தாக நின்றாலோ பின்னால் பாதையோ கட்டடமோ இருந்தாலோ மண் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: தடுப்பு போயும் மீன் மேலே ஏறவில்லை

காலம் ஆகியிருக்கிறதா? மீன் ஏறும் பருவம் இனத்துக்கு இனம் வேறு. பெரும்பாலும் ஓடை பெருகும்போதுதான் ஏறும். ஒரு பருவம் முழுதாகப் போகும் முன் முடிவுக்கு வர வேண்டாம்.

ஏறுவதற்குக் கீழே மீன் இருக்கிறதா? கீழ்ப்பக்கம் நடந்து பாருங்கள். ஒரு கிலோமீட்டரில் சாலைக்கு அடியில் போகும் குழாயின் வாய் படுகைக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கும். உங்கள் தடுப்பைவிட அதுதான் பெரிய தடுப்பு.

மிச்சம் நிற்கிறதா? உடைத்தபோது "தண்ணீர் போகிறதே" என்று அடிப்பகுதியை விட்டுவிடுவது வழக்கம். படுகை இறங்கியதும் அந்த அடிக் கான்கிரீட் ஒரு பலகைபோல் வெளியே வரும். அதன் மேல் தண்ணீர் இரண்டு விரற்கடை ஆழத்தில் பரந்து வழுக்கி ஓடும். பெரும்பாலான மீன்களால் அதில் நீந்த முடியாது. தண்ணீர் குறைவாக ஓடும் நாளில் நான்கு அளவெடுங்கள்.

மேல் நீர்மட்டத்துக்கும் கீழ் நீர்மட்டத்துக்கும் உள்ள இறக்கம். தாவாத சிறு மீன்கள் உள்ள ஓடையில் 15 செ.மீ. இறக்கமே பெரும் சுவர்.

கீழே உள்ள மடுவின் ஆழம். தாவும் மீனுக்கு, தாவ வேண்டிய உயரத்தைப்போல் குறைந்தது ஒன்றேகால் மடங்கு ஆழம் வேண்டும். 20 செ.மீ. தாவ 25 செ.மீ. ஆழம்.

மேலே ஓடும் தண்ணீரின் ஆழம். மீனின் உடல் முழுகாவிட்டால் வாலுக்குப் பிடிப்பு கிடைக்காது.

வேகம். 5 மீட்டர் அளந்து இரு முனையிலும் கல் வையுங்கள். ஒரு சிறு குச்சியை மேலே போட்டு நேரம் பாருங்கள், ஐந்து முறை, சராசரி எடுங்கள். மேற்பரப்பு வேகத்தை 0.85 ஆல் பெருக்கினால் மொத்த ஓட்டத்தின் வேகம் கிட்டத்தட்டக் கிடைக்கும். மீன் தன் உடல் நீளத்தைப்போல் சுமார் பத்து மடங்கு தூரத்தை நொடிக்குக் கடக்கலாம், அதுவும் சில நொடிகள் மட்டும். 10 செ.மீ. மீனுக்கு நொடிக்கு 1 மீட்டர் ஓட்டம் என்றால் அது முழு மூச்சைப் பிடித்து அதே இடத்தில் நிற்கும், முன்னேறாது.

தீர்வு வரிசை: மிச்சக் கான்கிரீட்டைப் படுகைக்கு 30 செ.மீ. கீழே வரை உடைத்தெடுங்கள். முழுவதையும் எடுக்க முடியாவிட்டால், கோடைத் தண்ணீர் ஒருசேர ஓடும்படி நடுவில் ஒரு வெட்டு போடுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளைப் படுகைக்குக் கீழே வைத்து அறுங்கள். வளைத்துவிட்டால் போதும் என்று விட்டால் குப்பை சேர்ந்து அங்கேயே ஒரு அணை உருவாகும், குளிக்க இறங்குபவர் காலையும் கிழிக்கும். வேகம் மட்டும்தான் குறை என்றால் கற்சரிவில் பெரிய கற்களைத் தாறுமாறாக வையுங்கள். ஒவ்வொரு கல்லின் பின்னாலும் மீன் மூச்சு வாங்க ஓர் இடம் கிடைக்கும். வரிசையாக, அழகாக அடுக்கினால் அந்தப் பயன் போய்விடும்.

நிபுணர் எப்போது: இறக்கம் 30 செ.மீ.க்கு மேல் என்றால். இன்னொன்று: தடுப்புக்குக் கீழே அயல் மீனினம் பெருகியிருந்து மேலே இல்லை என்றால், மிச்சத்தை உடைக்கும் முன்பே மீனியல் ஆளிடம் பேசுங்கள். அங்கே அந்தத் தடுப்பு ஒரு நன்மையும் செய்துகொண்டிருக்கிறது.

## அறிகுறி: கறுப்புச் சேறு, நாற்றம், மேலே படலம்

அழுகிய முட்டை நாற்றம் மட்டும் என்றால் காற்றுப் படாமல் கிடந்த சேறு திறந்ததால் வருவது. சில நாளில் அடங்கும்.

தண்ணீர்மேல் வானவில் படலம் தெரிந்தால் ஒரு குச்சியால் குத்துங்கள். கண்ணாடிச் சில்லுபோல் உடைந்து துண்டுகளாகப் பிரிந்து நின்றால் அது இரும்புப் பாக்டீரியா, தீங்கில்லை. பக்கத்தில் துருநிறக் கசிவும் இருக்கும். குத்திய இடத்தைச் சுற்றிச் சுழன்று மறுபடி ஒன்றாகச் சேர்ந்தால் எண்ணெய். வேலையை நிறுத்துங்கள்.

விடிகாலையில் மீன்கள் மேலே வாய் பிளந்து நின்றால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கிறது. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே பல மீன்கள் தவிக்கும், 2க்குக் கீழே பெரும்பாலானவை சாகும். சேற்றைக் கிளறும் எல்லா வேலையையும் நிறுத்தி, நீர் இறக்குவதை மட்டுப்படுத்துங்கள்.

மேலே தோல் பதனிடும் ஆலை, சாயப்பட்டறை, சுரங்கம், மின்முலாம் பட்டறை எதுவாவது எப்போதாவது இருந்திருந்தால் நாற்றமோ படலமோ இல்லாவிட்டாலும் சேற்றை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் ஃபோர்ட் எட்வர்ட் அணையை 1973இல் அகற்றியபோது பின்னால் இருந்த பிசிபி நச்சு கலந்த வண்டல் கீழே பரவியது. அந்த ஆற்றைச் சுத்தம் செய்யும் வேலை பல பத்தாண்டு இழுத்தது. இந்த ஒரு பிரிவில் கையால் செய்யும் தீர்வு எதுவும் கிடையாது.

புதிதாகத் திறந்த சேற்றின் மேல் நேரடியாகக் கால் வைக்க வேண்டாம். மேலே காய்ந்து வெடித்திருக்கும், உள்ளே கூழாக இருக்கும். பலகை போட்டு, இன்னொருவர் கரையில் கயிறோடு நிற்க, நடங்கள்.

## அறிகுறி: ஓடை கல்லுக்குள் மறைகிறது, அல்லது பக்கத்துக் கிணறு இறங்குகிறது

கற்சரிவின் மேல் முனையில் தண்ணீர் புகுந்து கீழ் முனையில் வெளிவந்தால் இடைவெளி அடைபடவில்லை. மண் கலந்த சரளையைக் கூடை கூடையாகப் போட்டு, பம்பால் தண்ணீர் பீய்ச்சி உள்ளே இறக்குங்கள். மேல் முனையில் தொடங்கி, தண்ணீர் கல்லின் மேல் ஓடத் தொடங்கும் வரை. நாலைந்து முறை செய்ய வேண்டியிருக்கும்.

கிணறு வேறு விஷயம். தேக்கம் நின்றபோது அது பக்கத்து நிலத்தடி நீரையும் ஏற்றி வைத்திருந்தது. வாரம் ஒருமுறை, மோட்டார் ஓடாத விடிகாலையில், டேப் விட்டு ஆழம் எழுதுங்கள். இறங்கி ஒரு மட்டத்தில் நின்றால் அதுவே புது மட்டம். இறங்கிக்கொண்டே போனால் நிலத்தடி நீர் அறிஞர் வர வேண்டும்.

## அறிகுறி: நட்டதெல்லாம் காய்கிறது

முதல் சந்தேகம் ஆடு மாடு. இலை நுனி ஒரே உயரத்தில் கத்தரித்ததுபோல் இருந்தால் வேலி போட்டால் போதும்.

இரண்டாவது, போத்தைத் தலைகீழாக நட்டது. சிரிக்க வேண்டாம், ஆயிரம் போத்து நடும் நாளில் நூறாவது தலைகீழாகப் போகும். மரத்தில் வெட்டும்போதே அடிமுனையைச் சாய்வாகவும் மேல்முனையைத் தட்டையாகவும் வெட்டிவிட்டால் இந்தத் தவறு வராது. கட்டைவிரல் பருமன் அல்லது அதற்கு மேல், இலையுதிர்ந்து உறங்கும் காலத்தில் வெட்டியது, நடும் முன் ஒன்றிரண்டு நாள் தண்ணீரில் ஊறியது. நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும். கடப்பாரையால் குழி போட்டு இறக்கிய பிறகு சேற்றுக் குழம்பு ஊற்றிக் காற்றிடைவெளியை அடையுங்கள்.

மூன்றாவதுதான் அதிகம் கொல்வது: மண்ணடி நீர் எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டது. ஓடை ஒரு மீட்டர் இறங்கினால் கரையடி நீரும் அதோடு இறங்கும். வறண்ட காலத்தில் ஒரு குழி தோண்டி, மறுநாள் எந்த ஆழத்தில் தண்ணீர் நிற்கிறது என்று பாருங்கள். போத்தின் அடி அதைத் தொட வேண்டும். ஒன்றரை மீட்டரில் தண்ணீர் என்றால் இரண்டரை மீட்டர் போத்து. அதுவும் முடியாத மேட்டில் கரையோர இனத்தை நடுவதே தவறு, மேட்டுநில இனம் நடுங்கள்.

நான்காவது மண். ஈரமண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிதுக்குங்கள். ஐந்து செ.மீ. நாடாவாக நீண்டால் நல்ல களி, காய்ந்தால் வெடித்து வேரை அறுக்கும், மூடாக்கு போட வேண்டும். நாடாவே வராமல் உதிர்ந்தால் மணல். வாஷிங்டன் மாநிலத்தில் எல்வா ஆற்றின் இரு அணைகளையும் 2011 முதல் 2014 வரை அகற்றிய பின் திறந்த தரையில், நுண்வண்டல் மேல் செடிகள் விரைவாகப் பிடித்தன, கரடான மணலும் சரளையும் உள்ள மேடுகளில் திணறின. அங்கே தழைச்சத்தைப் பிடிக்கும் லூபின் செடியின் விதையைத் தூவினார்கள், பெரிய மரங்களைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். கிடந்த மரத்தின் நிழல் பக்கம் ஈரம் நிற்கும், காற்று கொண்டுவரும் விதையும் அங்கேதான் தங்கும். சிறிய ஓடைக்கும் இது பொருந்தும், செலவும் இல்லை.

## அறிகுறி: நட்டதைவிடக் களை முந்துகிறது

தேக்கத்துச் சேறு ஒரு விதைக் கிடங்கு. ஆகாயத்தாமரை விதை பல ஆண்டு சேற்றில் உறங்கிக் கிடந்து, நீர் வற்றி வெளிச்சம் பட்டதும் முளைக்கும். முளைத்த முதல் மாதத்தில், பூக்கும் முன், கையால் பிடுங்கினால் மிகச் சுலபம். மறு ஆண்டு இயந்திரம் தேவைப்படும். தண்டுத் துண்டில் தழைக்கும் நாணல் வகைகளை அரிவாளால் வெட்டி ஓடையில் விடாதீர்கள், ஒவ்வொரு கணுவும் கீழே ஒரு புதுப் புதராகும். கிழங்கோடு தோண்டி மேட்டில் காய வையுங்கள். களைக்கொல்லி அடிக்கும் எண்ணம் வந்தால் நிபுணரிடம் போகும் நேரமும் அதுதான். நீர்நிலையில் அடிக்க அனுமதி உள்ள மருந்துகள் மிகச் சில.

## அறிகுறி: கீழே மடுக்கள் மணலால் மூடிவிட்டன

மேலிருந்து வரும் மணல் அலை கடந்துபோகும் அறிகுறி இது. முதலில் நுண்மணல் வரும், சரளை பின்னால் மெதுவாக வரும். படுகையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, கண்ணால் தேர்ந்தெடுக்காமல் ஷூ முனையில் விரல் தொடும் கல்லை எடுத்து அளந்து, நூறு கல்லுக்குக் கணக்கு எழுதுங்கள். வெள்ளத்துக்கு வெள்ளம் 2 மி.மீ.க்குக் குறைவானவை குறைந்துவந்தால் அலை நகர்கிறது. ஒரு கல்லைப் புரட்டி அடியில் பாருங்கள். தட்டையான உடலும் இரண்டு மூன்று வால் நூலுமாக மேஃப்ளை என்ற பூச்சியின் இளவுயிரிகள் ஒட்டியிருந்தால் படுகைக்கு உயிர் திரும்பிவிட்டது.

இரண்டு நல்ல வெள்ளம் போயும் மாற்றமில்லை என்றால் மேலே இன்னும் மணல் வந்துகொண்டிருக்கிறது. மட்டம் எடுத்த தாளுக்குத் திரும்புங்கள். வெளியிலிருந்து சரளை வாங்கிக் கொட்டுவது கடைசி வழி. மேலிருந்து மணல் வரும்வரை கொட்டிய சரளையும் மூடிப்போகும்.

## அறிகுறி: எல்லாம் சரி, ஓடை மட்டும் நாம் நினைத்த இடத்தில் ஓடவில்லை

தேக்கத் தரையில் ஓடை இடமாறி ஓடும். ஒரு வெள்ளத்தில் இடப்பக்கம், மறு வெள்ளத்தில் வலப்பக்கம். வரைபடத்தில் போட்ட வளைவை அது பார்க்கவில்லை. புது வழி நிலத்தையோ கட்டடத்தையோ அரிக்காதவரை, விட்டுச்சென்ற பழைய வழியை மண் போட்டு மூடாமல் அப்படியே விடுங்கள். அங்கே தேங்கும் ஆழமற்ற தண்ணீரில் முதலில் தவளை முட்டையிடும்.